தூக்கத்தில் வலிப்பு வந்தால் மூச்சு நின்றுவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. 15 வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது. பெரும்பாலும் விடியற்காலையில், தூக்கத்தில்தான் வரும். கையும் காலும் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்துக்கொள்வான். வால்ப்ரோயேட், லெவிடிரசிட்டம் இரண்டும் சாப்பிடுகிறான். அப்படியும் போன வருடம் நான்கு முறை வந்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்த பிறகு 20 கிலோ எடை கூடியிருக்கிறான். குறட்டைச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. போன மாதம் எங்கள் சொந்தத்தில் 29 வயதுப் பையன், அவனுக்கும் வலிப்பு உண்டு, காலையில் எழுப்பப் போனால் குப்புறக் கிடந்தான். உயிர் இல்லை. மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். என் மகனுக்கு இப்போது ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. தனி அறை எடுத்துத் தங்கப்போகிறேன் என்கிறான். ராத்திரி முழுக்க அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். வலிப்பு வந்தால் தூக்கத்தில் உயிர் போகுமா? குறட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? அவனை அனுப்பலாமா? இதையெல்லாம் அவனிடம் சொல்லலாமா, வேண்டாமா?
- ஒரு தாய், கரூர்

பதில்: அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அப்படி நடப்பதுண்டு. வலிப்பு இருப்பவர்களில் மிகச் சிலர், வேறு எந்தக் காரணமும் தெரியாமல், பெரும்பாலும் தூக்கத்தில் இறந்துபோகிறார்கள். நரம்பியல் மருத்துவர்கள் இதை 'சூடெப்' என்று சுருக்கமாகச் சொல்கிறோம். வலிப்பு நோயில் வரும் எதிர்பாராத திடீர் மரணம் என்று பொருள்.

இதை ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவன் விடுதி அறையில் தூக்கத்தில் இறந்துபோனான். ஒரு மாதம் கழித்து அவனுடைய அப்பா பழைய ஃபைலையும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். "இப்படி ஆகலாம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டாக்டர்?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "தெரிஞ்சிருந்தா அவனைத் தனியா விட்டிருக்க மாட்டேனே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பயப்படுவார்கள் என்று நினைத்து நான்தான் சொல்லாமல் விட்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு எந்தக் குடும்பத்திடமும் இதை நான் மறைத்ததில்லை.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். வலிப்பு உள்ள பெரியவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படி நடக்கிறது. குழந்தைகளில் 4500 பேருக்கு ஒருவர். 2017இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள கணக்கு இது. 999 பேருக்கு அந்த வருடம் இப்படி நடப்பதில்லை. ஆனால் இந்த ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. வலிப்பு முழுக்கக் கட்டுப்பட்டிருப்பவர்களுக்கு மிக மிகக் குறைவு. சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுச் சரியாகிவிடும் சின்ன வலிப்பு மட்டும் உள்ளவர்களுக்கும் குறைவுதான். உங்கள் மகனுக்கு வருவதுபோல உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு, அதுவும் வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல், அதுவும் தூக்கத்தில் வந்தால், ஆபத்து பல மடங்கு கூடுகிறது. ஸ்வீடன் நாடு முழுவதற்குமான பதிவேடுகளை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், முந்தைய ஒரு வருடத்தில் பெரிய வலிப்பு வந்தவர்களுக்கு ஆபத்து 27 மடங்கு என்று தெரிந்தது. பெரிய வலிப்பும் இருந்து, படுக்கும் அறையில் கூட யாரும் இல்லாதவர்களுக்கு 67 மடங்கு. பெரிய வலிப்பு இல்லாமல், இன்னொருவரோடு ஒரே அறையில் படுப்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு இது.

67 என்ற எண்ணைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். அந்த எண்ணுக்குள்ளேயே வழியும் இருக்கிறது. ஒன்று, பெரிய வலிப்பை நிறுத்த முடியும். இரண்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்படி செய்ய முடியும்.

சரி, உயிர் எப்படிப் போகிறது? உங்கள் சொந்தக்காரப் பையனுக்கு மாரடைப்பு என்று சொன்னார்கள் என எழுதியிருக்கிறீர்கள். பிரேதப் பரிசோதனை செய்தார்களா என்று தெரியாமல் அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்ல முடியாது. ஆனால் வலிப்பு உள்ள ஒரு இளைஞர் காலையில் குப்புறக் கிடந்து, நாக்கில் கடிபட்ட தடமும் இருந்தால், நாங்கள் முதலில் நினைப்பது இதயக் குழாய் அடைப்பை அல்ல. இப்படி இறந்தவர்களைப் பரிசோதித்தால் இதயக் குழாய்கள் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

வீடியோ இஇஜி அறை என்று ஒன்று உண்டு. நோயாளியின் தலையில் ஒயர்களை ஒட்டி, கேமரா வைத்து, வலிப்பு வரும்வரை இரவும் பகலும் மூளை அலைகளைப் பதிவு செய்வோம். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். விடியற்காலை மணி மூன்று இருக்கும். ஒரு பெண் அசந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று தொண்டையிலிருந்து ஒரு ஓலம். பயத்தில் வருகிற கத்தல் இல்லை அது. நெஞ்சுத் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகும்போது உள்ளே இருக்கும் காற்று குரல்வளை வழியாகப் பிதுங்கி வெளியேறும் சத்தம். உடம்பு விறைக்கிறது. அந்த இருபது விநாடி உள்ளே மூச்சே போவதில்லை. பிறகு வெட்டி வெட்டி இழுக்கிறது. அதில் உடம்பு மெல்ல உருண்டு முகம் தலையணைப் பக்கம் திரும்புகிறது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு 98இலிருந்து 90, 80, 70 என்று இறங்குகிறது. உதடு நீலமாகிறது. ஒன்றரை நிமிடத்தில் இழுப்பு நின்றுவிட்டது. வீட்டில் என்றால் எல்லோரும் "அப்பாடா, நின்னுடுச்சு" என்று மூச்சு விடும் நேரம் அதுதான். ஆனால் திரையில் பார்த்தால், அதுவரை தாறுமாறாக எழுதிக்கொண்டிருந்த மூளை அலைகள் சட்டென்று கோடு போட்டதுபோலத் தட்டையாகிவிட்டன. அவள் உடம்பில் அசைவே இல்லை. செவிலியர் ஓடி வந்து அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் இருந்த எச்சிலை உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்து, தோளைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். சில விநாடிகளில் ஒரு பெருமூச்சு, அப்புறம் குறட்டை மாதிரி கரகரப்பான மூச்சு. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். காலையில் கேட்டால் அவளுக்கு எதுவும் நினைவில்லை.

அந்தச் செவிலியர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை தந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. உலகின் பல நாடுகளில் இத்தகைய கண்காணிப்பு அறைகளிலேயே எதிர்பாராமல் நடந்துவிட்ட 16 மரணங்களையும், மயிரிழையில் காப்பாற்றப்பட்ட 9 பேரையும் பற்றிய பதிவுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை இரவில் நடந்தவை. இதயத் துடிப்பும் மூச்சும் முழுமையாகப் பதிவாகியிருந்த பத்துப் பேரிடமும் ஒரே வரிசைதான் இருந்தது. பெரிய வலிப்பு முடிகிறது. சிறிது நேரம் வேகமான மூச்சு. பிறகு, சில நிமிடங்களுக்குள் மூச்சும் இதயமும் சேர்ந்து தடுமாறுகின்றன. கடைசியில் முதலில் நிரந்தரமாக நின்றது மூச்சு. அதற்குப் பிறகுதான் இதயம் நின்றது. மூச்சும் இதயமும் நின்ற மூன்று நிமிடங்களுக்குள் நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்கப்பட்டவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

ஆகவே அம்மா, நாம் கவனிக்க வேண்டிய நேரம் இழுப்பு நடக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் அல்ல. அது நின்ற பிறகு வரும் சில நிமிடங்கள்தான் அதைவிட முக்கியம்.

இதில் தூக்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாம் தூங்கும்போது மூச்சை ஓட்டிக்கொண்டிருப்பது மூளைத்தண்டு. போர்வை முகத்தை மூடிவிட்டால் தூக்கத்திலேயே தலையைத் திருப்பிக்கொள்கிறோம் இல்லையா? ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதை மூளைத்தண்டில் உள்ள சில நரம்பணுக்கள் மோப்பம் பிடித்து, 'எழுந்திரு, திரும்பு' என்று உசுப்பிவிடுவதால் நடப்பது அது. அதில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. விழித்திருக்கும்போது அவை சுறுசுறுப்பாக இருக்கும். தூக்கத்தில் வேகம் குறைந்துவிடும். பெரிய வலிப்பு அவற்றை மேலும் அமுக்கிவிடுகிறது. ஏற்கெனவே அரைத்தூக்கத்தில் இருக்கும் காவல்காரனின் தலையில் அடித்ததுபோல. முகம் தலையணையில் புதைந்திருந்தாலும் திரும்பவேண்டும் என்று உடம்புக்குத் தோன்றுவதில்லை. இறந்தவர்கள் எந்த நிலையில் கிடந்தார்கள் என்று தெரிந்த சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, நான்கில் மூன்று பேர் அளவுக்குக் குப்புறத்தான் கிடந்திருக்கிறார்கள். கைக்குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தூங்கவைக்காதீர்கள் என்று சொல்வதற்குப் பின்னாலும் ஏறத்தாழ இதே காரணம்தான் இருக்கிறது. குழந்தையை நாம் மல்லாத்திப் படுக்கவைக்கலாம். 24 வயது ஆள் நேராகப் படுத்தாலும் வலிப்பின் இழுப்பிலேயே உருண்டுவிடுவார். அதனால் 'நேராகப் படு' என்று சொல்வது நல்லதுதான் என்றாலும் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. திருப்பிவிட ஒரு கை வேண்டும்.

மூச்சு நிற்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாதா என்று பலர் கேட்பார்கள். தெரியாது என்பதற்கு ஒரு வியப்பான ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள், அறுவை சிகிச்சைக்கு முன்னதாக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த வலிப்பு நோயாளிகளின் அமிக்டலா என்ற பகுதியை லேசாக மின்சாரத்தால் தூண்டினார்கள். முழு விழிப்பில் இருந்தவர்கள்தான். மூச்சு நின்றது. நின்றதே அவர்களுக்குத் தெரியவில்லை, திணறலும் இல்லை. 2015இல் இது வெளியானது. விழித்திருப்பவருக்கே தெரியாதபோது தூங்குகிறவர் எப்படி உணர்வார்? உங்கள் சொந்தக்காரப் பையனின் வீட்டில் 'மூச்சுக்குத் தவித்திருப்பானோ' என்று யாராவது மனதைப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தால் இதைச் சொல்லுங்கள். பெரிய வலிப்புக்குப் பின் மூளை அணைந்த நிலையில் அந்தத் தவிப்பை உணர ஆள் விழிப்பில் இருப்பதில்லை.

இனி குறட்டைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய வரி அதுதான்.

எல்லாக் குறட்டையும் நோய் இல்லை. ஆனால் 20 கிலோ கூடிய பிறகு, அடுத்த அறை வரை கேட்கும் குறட்டை என்றால், உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் 'ஸ்லீப் அப்னியா' இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். நீங்கள்தான் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதைக் கவனியுங்கள். குறட்டை சத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்து, சட்டென்று நின்றுவிடும். வீடே அமைதியாகும். வயிறும் நெஞ்சும் ஏறி இறங்கும், ஆனால் காற்று போகாது. பத்து, இருபது விநாடி கழித்து ஒரு செருமல், உடம்பு தூக்கிப் போடும், மறுபடியும் குறட்டை ஆரம்பிக்கும். இப்படி ஒரு மணி நேரத்தில் 5 முறைக்கு மேல் மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அது நோய். 30க்கு மேல் என்றால் கடுமையானது. காலையில் தலைவலி, வாய் உலர்ந்துபோவது, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவழிவது, இதெல்லாம் கூடவே வரும். பலர் அந்தப் பகல் தூக்கத்தை 'மாத்திரையோட மயக்கம்' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சில நேரம் நாங்களுமே அப்படி நினைத்துவிடுகிறோம்.

வலிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழிக்கிறது. இரவு முழுக்கத் தூக்கம் துண்டு துண்டாகிறது. வலிப்பைக் கிளப்பிவிடும் முக்கியமான காரணங்களில் தூக்கக் கெடுதலும் ஒன்று. இது உங்களுக்கே அனுபவத்தில் தெரிந்திருக்கும். கோயில் திருவிழாவில் கண் விழித்த மறுநாளோ, இரவுப் பஸ்ஸில் ஊருக்குப் போய் இறங்கிய காலையிலோ வலிப்பு வந்திருக்கும். ஸ்லீப் அப்னியா இருப்பவருக்கு ஒவ்வொரு இரவும் அப்படிக் கண் விழித்த இரவுதான். வலிப்பு கட்டுப்படாமல் அறுவை சிகிச்சைக்காகப் பரிசீலிக்கப்பட்டவர்களை இரவில் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொந்தரவு இருந்தது. அதுவரை அது யாருக்கும் தெரியாமல் இருந்தது. அதைச் சரிசெய்தபோது வலிப்பின் எண்ணிக்கையே பலருக்குக் குறைகிறது.

குறட்டைதான் அந்தத் திடீர் மரணத்தை நேராகக் கொண்டுவருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அங்கே மூச்சு நிற்பது மூளைத்தண்டு கட்டளை கொடுக்காததால். இங்கே மூச்சு நிற்பது கட்டளை வந்தும் தொண்டைக் குழாய் மூடிக்கொள்வதால். இரண்டும் வேறு வேறு. ஆனால் வலிப்பு முடிந்து தசையெல்லாம் தளர்ந்து கிடக்கும் நேரத்தில், ஏற்கெனவே குறுகிப்போன தொண்டை உள்ளவருக்குக் காற்று போவது இன்னும் கஷ்டம்தானே? இதைத் தடுக்க ஒரு வழி கையில் இருக்கும்போது நிரூபணத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

செய்யவேண்டியது 'ஸ்லீப் ஸ்டடி' என்ற ஓர் இரவுப் பரிசோதனை. நோய் உறுதியானால், தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் சி-பாப் கருவி தருவார்கள். காற்றை மெல்லிய அழுத்தத்தோடு உள்ளே அனுப்பித் தொண்டை மூடாமல் வைத்திருக்கும். முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும். கூடவே எடையைக் குறைக்கவேண்டும். வால்ப்ரோயேட் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும் மருந்து. எடை கூட்டாத வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்திவிடக் கூடாது. வால்ப்ரோயேட்டைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வந்து, நாம் எதைத் தடுக்க நினைக்கிறோமோ அதுவே நடந்துவிடும். மது, தூக்க மாத்திரை இரண்டும் அவனுக்கு ஆகாது. இரண்டுமே தொண்டைத் தசையைத் தளர்த்தும். மது இறங்கும்போது வலிப்பையும் கிளப்பும்.

அடுத்தது வலிப்பு. வருடத்துக்கு நான்கு என்பதை 'பரவாயில்லை, முன்னைக்குக் கம்மிதான்' என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். இலக்கு பூஜ்யம்தான். முதலில் மாத்திரை தவறுகிறதா என்று பாருங்கள். 24 வயதுப் பையன்கள் 'போட்டுட்டேன்மா' என்று சொல்வதை நம்பாமல், வாராந்திர மாத்திரை டப்பா வாங்கி நிரப்பிக் கொடுங்கள். அதில் மிச்சம் இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம், ஒரு சின்னக் கேள்வியை அவனிடம் கேட்டுப்பாருங்கள். காலையில் பல் துலக்கும்போதோ காபி டம்ளரைப் பிடித்திருக்கும்போதோ கை திடீரென்று துள்ளுகிறதா? துள்ளி டம்ளர் தெறித்ததுண்டா? இருந்தால் அது இளம்வயதில் தொடங்கும் ஒரு தனி வகை வலிப்பாக இருக்கலாம். எல்லா வலிப்பு மருந்தும் அதற்குச் சரிப்படாது. கார்பமசிபின், பெனிடாய்ன் போன்றவை அதைக் கூட்டிவிடக்கூடும். அப்படி இல்லாமல், மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கும் வலிப்பு என்றால், பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் கட்டுப்படாதபோது அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கவேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவை சிகிச்சை நடந்துவருகிறது. வேலூர் சிஎம்சியிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதற்கான பிரிவுகள் இருக்கின்றன. ஓசூரிலிருந்து நிம்ஹான்ஸ் பக்கம்தான்.

ஓசூர் என்றதும் உங்கள் மூன்றாவது கேள்வி. அனுப்புங்கள் அம்மா. வேலைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தனி அறை மட்டும் வேண்டாம். குறைந்தது வலிப்பு முழுக்க நின்று ஒரு வருடம் ஆகும்வரையாவது ஒரு நண்பனோடு ஒரே அறையில் தங்கட்டும். அந்த நண்பனுக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது. இரட்டை அடுக்குக் கட்டில் என்றால் கீழ்த்தட்டு. ரயிலிலும் லோயர் பெர்த். முகம் அமிழும் மெத்தென்ற இலவம்பஞ்சுத் தலையணைக்குப் பதில் கொஞ்சம் கெட்டியான, மெல்லிய தலையணை. இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று நிறுவனத்தில் எழுதிக் கேட்கலாம், நானும் பலருக்கு அப்படிச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். வலிப்பின் அசைவை உணர்ந்து எச்சரிக்கும் கைக்கடிகாரங்களும், கட்டிலில் வைக்கும் கருவிகளும் உண்டு. வாங்க வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் அலாரம் அடித்தால் இரண்டு நிமிடத்தில் வந்து சேரும் ஆள் இருந்தால்தான் அதற்குப் பயன். ஓசூரில் அடிக்கும் அலாரம் கரூரில் உங்கள் போனில் கேட்டு என்ன செய்ய முடியும்?

அந்த நண்பனுக்கு நீங்களே ஒரு முறை செய்து காட்டுங்கள். இழுப்பு வரும்போது கையைக் காலைப் பிடித்து அமுக்கவேண்டாம். வாயில் கரண்டியோ துணியோ வைக்கவேண்டாம். சாவிக்கொத்து, இரும்பு எதுவும் கையில் திணிக்கவேண்டாம். சாவி தேடிப் போகிற நேரத்தில் முகத்தைத் தலையணையிலிருந்து விடுவித்திருக்கலாம். முடிந்தவரை சீக்கிரம், இழுப்பு தணியத் தொடங்கியதுமே, ஒருக்களித்துத் திருப்பவேண்டும். எச்சில் வழிந்து போகட்டும். மோவாயைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடவேண்டும். பிறகு போய்ப் படுத்துவிடக் கூடாது. பக்கத்திலேயே உட்கார்ந்து, தோளைத் தொட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். தன் பெயரையும் இருக்கும் இடத்தையும் அவன் தெளிவாகச் சொல்லும்வரை. இழுப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108. இழுப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பு நின்ற பிறகு மூச்சு இல்லை என்றால், காத்திருக்காமல் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்தவேண்டும். இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும். இதை ஒரு முறை பொம்மையில் செய்து பழகிவிட்டால் கை தயங்காது. முதலுதவிப் பயிற்சியில் அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் கற்றுக்கொள்ளுங்கள்.

நீங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது பற்றி. வேண்டாம் அம்மா. உங்கள் உடம்பு தாங்காது. வருடத்துக்கு நான்கு ராத்திரிக்காக 365 ராத்திரி விழித்திருக்கவேண்டியதில்லை. அவன் ஊரில் இருக்கும் நாட்களில் அதே அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு அறைக் கதவையும் திறந்து வையுங்கள். அந்த ஓலம் தூக்கத்தைக் கலைக்கும், ஒன்பது வருடமாக உங்களை எழுப்பியது அதுதானே? குழந்தைகளுக்கு வைக்கும் பேபி மானிட்டர்கூடப் போதும். இரவில் கேட்கும் தூரத்தில் ஆள் இருந்தவர்களிடமும், சத்தம் கேட்கும் கருவி வைத்திருந்தவர்களிடமும் இந்த மரணம் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கண் கொட்டாமல் விழித்திருக்கவேண்டும் என்று எதிலும் இல்லை.

அவனிடம் சொல்வதா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லவேண்டும். அவன் உயிர், அவன்தான் ஓசூரில் மாத்திரை போடப்போகிறான். அழுதுகொண்டு சொல்லாதீர்கள், சண்டைக்கு நடுவிலும் சொல்லாதீர்கள். சொந்தக்காரப் பையனின் சாவு அவன் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும். கேட்க ஆள் இல்லாமல் இணையத்தில் தேடிப் பார்த்திருப்பான் என்றே நினைக்கிறேன். "உங்கிட்ட இதைப் பத்திப் பேசணும், உனக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தால் அவனே பேசுவான். தயக்கமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம். இதைக் கேட்ட பிறகு மாத்திரை தவறவிடுவதை நிறுத்திய இளைஞர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தனி அறை ஆசையை அவன் விடுவதற்கும் இதுதான் வழி. காரணம் சொல்லாமல் 'தனியா தங்காதே' என்றால் 24 வயதில் யார் கேட்பார்கள்?

இன்று ராத்திரி அவன் தூங்கி ஒரு மணி நேரம் கழித்து, போனை எடுத்து, முகமும் நெஞ்சும் தெரியும்படி பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது எடுத்தால் நல்லது, குறட்டை நின்று மறுபடி தொடங்கும் இடம் அதில் விழும். கடைசி நான்கு வலிப்பும் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, முந்தின இரவு எவ்வளவு தூங்கினான், மாத்திரை போட்டானா என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவன் வேலையில் சேருவதற்கு முன்னாலேயே உங்கள் நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.